இரும்புப் பேனலில் கேபிள் நுழையும் இடம் சுடுவதைத் தடுக்கும் முறை

மின் பேனலின் அடித்தகட்டில் கேபிள் நுழையும் துளைகளைச் சுற்றி மட்டும் பெயின்ட் பழுப்பேறி, தகட்டின் மற்ற பகுதியெல்லாம் புதிது போல இருந்தால், அங்கே சூட்டை உண்டாக்குவது கேபிள் அல்ல, தகடுதான். கேபிள் நுனியை இணைக்கும் உலோக முனையான லக் இறுக்கமாக இருக்கும். சுமை கேபிளின் தகுதிக்குள்தான் இருக்கும். காப்புச் சோதனையும் நன்றாகவே வரும். அப்படியிருந்தும் கேபிளின் வெளியுறை தகட்டைத் தொடும் வளையத்தில் மெல்ல மெல்ல இறுகி, வெடித்து, ஒருநாள் காப்பு உடைந்து எர்த் ஃபால்ட்டில் (மின்சாரம் தரைக்குப் பாயும் பழுதில்) போய் முடியும். பி.வி.சி. காப்பிட்ட கேபிளின் கடத்தி தொடர்ந்து தாங்கக்கூடிய வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸ், எக்ஸ்.எல்.பி.இ. (குறுக்கிணைப்பு பாலிஎத்திலீன்) காப்பு என்றால் 90 டிகிரி. முழுச் சுமையில் அந்த எல்லையை ஒட்டி ஓடும் கேபிளுக்கு, தன் சூட்டை வெளியேற்ற வேண்டிய இடத்திலேயே இன்னொரு சூட்டு மூலம் வந்து சேர்ந்தால் மிச்சமிருந்த இடைவெளியும் போய்விடும்.

இதைத் தடுப்பதற்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் அந்தச் செலவைத் துளை போடுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். கேபிள்கள் ஏறி, லக் அடித்து, மின்சாரம் கொடுத்த பிறகு அதே வேலைக்கு ஒரு முழு மின்தடையும் இரண்டு மடங்கு உழைப்பும் தேவைப்படும். எனவே தகட்டை வரைபடத்தில் பார்க்கும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்: இந்த ஒவ்வொரு துளை வழியாகவும் போகும் மின்னோட்டங்களைக் கூட்டினால் பூஜ்யம் வருகிறதா? இந்த வழிகாட்டியில் உள்ள எல்லா முறைகளும் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன.

சூடு எங்கிருந்து வருகிறது

மின்னோட்டம் ஓடும் கடத்தியைச் சுற்றி வட்ட வட்டமாகக் காந்தப்புலம் இருக்கும். ஒரே ஒரு கடத்தி கொண்ட சிங்கிள் கோர் கேபிளில் 300 ஆம்பியர் ஓடுகிறது, அதன் மையத்திலிருந்து 30 மி.மீ. தள்ளித் துளையின் விளிம்பு இருக்கிறது என்று கொள்வோம். மின்னோட்டத்தை வட்டத்தின் சுற்றளவால் வகுத்தால், அந்த விளிம்பில் புலச்செறிவு மீட்டருக்கு ஏறத்தாழ 1,600 ஆம்பியர். அங்கே இருப்பது காற்றோ அலுமினியமோ என்றால், இந்தச் செறிவு உண்டாக்கும் காந்தப்பாய அடர்த்தி சுமார் 2 மில்லிடெஸ்லாதான். அதே இடத்தில் சாதாரண எஃகு இருந்தால், அது காந்தப்பாயத்தைத் தன்னுள் இழுத்துக்கொண்டு 1 டெஸ்லாவைத் தாண்டி, செறிவுநிலையை (அதற்கு மேல் காந்தமாக முடியாத நிலையை) நெருங்கிவிடும். துளையைச் சுற்றியுள்ள எஃகு முறிவில்லாத வளையமாக இருப்பதால், பாயம் சுற்றிவர எந்தத் தடையும் இல்லை.

மாறுதிசை மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் என்றால், அந்தப் பாயம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் எஃகின் காந்தத் தயக்கம் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக விழுங்குகிறது. அதைவிடப் பெரிய பங்காக, மாறும் பாயம் தகட்டுக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்களைத் தூண்டி, எஃகின் மின்தடை வழியே அவற்றைச் சூடாக மாற்றுகிறது. இந்தச் சுழல் மின்னோட்டங்கள் 50 ஹெர்ட்ஸில் எஃகின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மி.மீ. ஆழத்துக்குள் ஒடுங்கிவிடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால், தகட்டை இன்னும் தடிமனாகப் போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் இதனால்தான் பலிப்பதில்லை. துளையைக் கொஞ்சம் பெரிதாக்குவதும் அரைகுறைத் தீர்வே. புலச்செறிவு ஓரளவு குறையும், ஆனால் மூடிய வளையம் அப்படியே இருக்கும்.

மூன்று ஃபேஸ்களும் நியூட்ரலும் ஒரே துளை வழியாகப் போனால் இந்தக் கதையே வேறு. எந்தக் கணத்திலும் அந்த நான்கு மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம் என்பதால், அவை அனைத்தையும் சுற்றி ஓடும் வளையத்துக்குக் காந்தப்பாயத்தை உந்த எதுவும் மிஞ்சாது. எல்லாக் கடத்திகளும் ஒரே உறைக்குள் இருக்கும் மல்ட்டி கோர் கேபிளை இரும்புத் தகட்டில் எப்படிப் போட்டாலும் சுடாமலிருப்பதற்கும், அதற்கு எஃகுக் கம்பி ஆர்மர் (பாதுகாப்புக் கவசம்) போடுவதற்கும் இதுவே காரணம். நேர்திசை மின்னோட்டத்தில் பாயம் மாறாமல் நிற்பதால் இந்தச் சூடு எழுவதில்லை. ஆனால் மாறுதிசையை நேர்திசையாக்கும் ரெக்டிஃபையரிலிருந்து வரும் அலைவுகள் அதிகமாக இருக்கும் இடத்தில் அதை முழுமையாக நம்பிவிடக் கூடாது.

குழு சேர்ப்பதில்தான் பெரும்பாலான தவறுகள்

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 60364-5-52 தரநிலை இந்த விஷயத்தில் மிகத் தெளிவாகப் பேசுகிறது: மாறுதிசைச் சுற்றின் கடத்திகள் இரும்பு உறைக்குள் நுழையும் இடத்தில், அவை தனித்தனியாக அல்லாமல் ஒன்றாகச் சேர்ந்து மட்டுமே காந்தப் பொருளால் சூழப்பட வேண்டும். அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பிலும் 300.20 பிரிவு இதையே சொல்லி, தனித்துளைகள் தவிர்க்க முடியாதபோது துளைகளுக்கு இடையே வெட்டுப் போடும்படி வழி காட்டுகிறது. 100 ஆம்பியருக்குக் கீழே சூடு பெரிதாகத் தெரியாமல் போகலாம். 200 ஆம்பியரைத் தாண்டும் ஒவ்வொரு சிங்கிள் கோர் நுழைவையும் நான் தனியாகச் சரிபார்ப்பது வழக்கம்.

ஒரு ஃபேஸுக்கு ஒரே கேபிள் என்றால் தவறு செய்வது கடினம். ஒரு ஃபேஸுக்கு இரண்டு, மூன்று, நான்கு கேபிள்கள் இணையாகப் போகும் இடத்தில்தான் விபரீதம் நுழைகிறது. உள்ளே மின்னோட்டத்தைப் பகிர்ந்தளிக்கும் உலோகப் பட்டைகளான பஸ்பார்கள் இடமிருந்து வலமாக வரிசையாக நிற்பதால், அவற்றுக்கு நேர் கீழே முதல் ஃபேஸின் கேபிள்கள் எல்லாவற்றையும் ஒரு திறப்பிலும், இரண்டாம் ஃபேஸின் கேபிள்களை அடுத்த திறப்பிலும் ஏற்றினால், கேபிள்கள் குறுக்கே போகாமல் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். அந்த ஒழுங்குதான் தகட்டைச் சுடவைக்கிறது. ஒரு ஃபேஸுக்கு நான்கு கேபிள்கள், ஒவ்வொன்றிலும் 300 ஆம்பியர் என்றால், அந்த ஒரு திறப்பு வழியாக 1,200 ஆம்பியர் ஈடு இல்லாமல் போகிறது.

சரியான முறை, முதல் ஃபேஸின் முதல் கேபிள், இரண்டாம் ஃபேஸின் முதல் கேபிள், மூன்றாம் ஃபேஸின் முதல் கேபிள், முதல் நியூட்ரல் ஆகிய நான்கையும் ஒரு குழுவாகக் கட்டி ஒரு திறப்பில் ஏற்றுவது. இரண்டாம் கேபிள்கள் நான்கையும் அடுத்த திறப்பில் ஏற்றுவது. குழுக்கள் உள்ளே வந்த பிறகு அவற்றைப் பிரித்து அந்தந்த பஸ்பாருக்குக் கொண்டுபோக, அடித்தகட்டுக்கும் பஸ்பாருக்கும் இடையே போதுமான உயரம் வேண்டும். கேபிளை வளைக்க வேண்டிய ஆரத்தையும் சேர்த்து இந்த உயரத்தைப் பேனல் வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். உயரம் போதாமல் போகும்போதுதான் வேலை செய்பவர் வேறு வழியின்றி ஃபேஸ் வாரியாகப் பிரித்துவிடுகிறார். இப்படிக் குழு சேர்ப்பதால் இணைக் கேபிள்களிடையே மின்னோட்டம் சமமாகப் பகிரப்படும் நன்மையும் கூடவே கிடைக்கிறது.

நியூட்ரலை விட்டுவிடக் கூடாது. கணினிகள், எல்.இ.டி. விளக்குகள் போன்ற சுமைகளில் மூன்றாம் ஹார்மோனிக் (அடிப்படை அதிர்வெண்ணின் மும்மடங்கில் ஓடும் மின்னோட்டம்) மூன்று ஃபேஸ்களிலிருந்தும் நியூட்ரலில் வந்து கூடுவதால், நியூட்ரலில் கணிசமான மின்னோட்டம் ஓடும். அதை வேறு துளையில் போட்டால், மூன்று ஃபேஸ்கள் ஒன்றாகப் போகும் துளையிலும் கூட்டுத்தொகை பூஜ்யமாகாது. மேலும் அந்த மின்னோட்டம் 150 ஹெர்ட்ஸில் ஓடுவதால், அதே ஆம்பியருக்கு அது உண்டாக்கும் சூடும் அதிகம். எர்த் கடத்தியும் அதே குழுவோடு வருவதே நல்லது. அதில் வழக்கமாக மின்னோட்டம் இல்லாவிட்டாலும், ஃபால்ட் நேரத்தில் அது தனியான இரும்பு வளையத்துக்குள் இருந்தால் அந்தப் பாதையின் மின்மறுப்பு கூடும்.

தகடும் அதன் பொருளும்

கேபிளைத் தகட்டில் இறுக்கிப் பிடித்து மூடும் கிளாண்டைப் பொருத்த ஒவ்வொரு சிங்கிள் கோருக்கும் தனித்துளை வேண்டியிருக்கும்போது, அந்தப் பகுதித் தகட்டைக் காந்தப்படாத பொருளில் செய்துவிடுவதே முதல் தேர்வு. பேனலின் அடியில் ஒரு பெரிய திறப்பை விட்டு, அதன் மேல் அலுமினியத் தகட்டைப் பொருத்தி, அந்தத் தகட்டில் துளைகளைப் போட வேண்டும். திறப்பைச் சுற்றியுள்ள இரும்புச் சட்டம் எல்லாக் கேபிள்களையும் சேர்த்தே சூழ்வதால் அதில் சிக்கல் இல்லை. ஆனால் அந்தத் திறப்பு எல்லா ஃபேஸ்களையும் நியூட்ரலையும் உள்ளடக்கியிருக்க வேண்டும். ஃபேஸுக்கு ஒரு சிறு அலுமினியத் தகடு என்று இரும்பில் மூன்று சன்னல்கள் வெட்டியிருந்தால், ஒவ்வொரு சன்னலையும் சுற்றிப் பழைய இரும்பு வளையம் அப்படியே மிஞ்சியிருக்கும். அலுமினியத்துக்குச் செலவழித்துவிட்டு இதைச் செய்திருப்பதைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்துவதாக இருந்தால் 304, 316 ஆகிய வகைகள் காந்தப்படாதவை. 430 வகை காந்தத்தில் ஒட்டும், அது இங்கே உதவாது. சந்தேகம் வந்தால் ஒரு சிறு காந்தத்தைத் தகட்டில் வைத்துப் பார்த்தாலே போதும். 304 தகட்டிலும் மடித்த விளிம்புகளில் காந்தம் இலேசாக இழுக்கப்படலாம். அது குளிர்நிலையில் வளைத்ததன் விளைவு, அதற்காகத் தகட்டை நிராகரிக்க வேண்டியதில்லை.

அலுமினியத் தகட்டில் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. கனமான கேபிள்களைத் தாங்கும் தடிமன் வேண்டும். தகடு தொய்ந்தால் கிளாண்டின் சீல் போய்விடும். ஆர்மரின் ஃபால்ட் மின்னோட்டம் தகடு வழியாகத்தான் எர்த்துக்குப் போக வேண்டியிருப்பதால், தகட்டிலிருந்து எர்த் பாருக்குத் தனிச் செம்புக் கடத்தி இழுத்துவிட வேண்டும். ஈரமான இடத்தில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பதால், இடையே கேஸ்கெட்டும் பொருத்தமான பூச்சும் வேண்டும். பேக்கலைட் போன்ற மின்கடத்தாத் தகட்டைப் போட்டால் சூட்டுப் பிரச்சினையே எழாது. ஆனால் அப்போது ஒவ்வொரு கிளாண்டையும் எர்த் டேக் (எர்த் இணைப்புக்கான உலோக வளையம்) வைத்துத் தனியாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆம்பியர் போகும் இடங்களில் அலுமினியத் தகடும் சுழல் மின்னோட்டத்தால் ஓரளவு சூடாகும் என்பதால், அங்கே இந்த வழியையும் எண்ணிப் பார்க்கலாம்.

இருக்கும் இரும்புத் தகட்டில் வெட்டுப் போடுவது

தகட்டை மாற்ற முடியாத நிலையில், துளைகளை ஒன்றோடொன்று இணைக்கும்படி ஒரு நேர்வெட்டுப் போடுவது நல்ல பலன் தரும். அதன் கணக்கு எளிமையானது. எஃகின் சார்பு உட்புகுதிறனை (காற்றைவிட எத்தனை மடங்கு எளிதாகக் காந்தப்பாயத்தை விடுகிறது என்ற அளவை) 1000 என்று கொண்டால், 3 மி.மீ. காற்று இடைவெளி காந்தப்பாயத்துக்கு 3 மீட்டர் நீள எஃகுக்குச் சமமான தடை, 60 மி.மீ. துளையைச் சுற்றிய வட்டமோ 20 செ.மீ. கூட இல்லை. அந்த மெல்லிய வெட்டு ஒன்றே பாயத்தின் பாதையைப் பலமடங்கு நீட்டிவிடுகிறது.

வெட்டு துளையிலிருந்து துளைக்குப் போக வேண்டும். துளையிலிருந்து தகட்டின் ஓரத்துக்கு வெட்டினால், தகடு திருகப்பட்டிருக்கும் இரும்புச் சட்டம் அந்த இடைவெளியை மறுபடி இணைத்துவிடும். நியூட்ரல் துளையும் அதே வெட்டில் சேர வேண்டும். வெட்டிய பிறகு தூசியும் பூச்சியும் நுழையாமலிருக்க அதை மூட வேண்டும். அதற்கு அலுமினியப் பட்டையையோ மின்கடத்தாத் தகட்டையோ பயன்படுத்த வேண்டுமே தவிர, இரும்புப் பட்டை கூடவே கூடாது. வெட்டினால் தகட்டின் உறுதி குறையும் என்பதால், கேபிளின் பாரத்தைக் கீழே ஒரு தாங்கியில் ஏற்றிவிட வேண்டும்.

இந்த வேலையை மின்சாரம் இருக்கும் பேனலில் செய்யவே கூடாது. இணைப்பைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, மின்னழுத்தம் இல்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்து, பஸ்பார்களைத் துணியாலும் பிளாஸ்டிக் விரிப்பாலும் முழுமையாக மூடிய பிறகே அறுக்க வேண்டும். அறுக்கும்போது தெறிக்கும் இரும்புத் துகள் பஸ்பார் தாங்கியின் மேல் படிந்துவிட்டால், தகட்டுச் சூட்டைச் சரிசெய்யப் போய் ஃபிளாஷ்ஓவருக்கு (மின்பொறி தாவுவதற்கு) வழி செய்ததாகிவிடும். வேலை முடிந்ததும் துகள்களை ஊதித் தள்ளாமல் வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும்.

கிளாண்ட், நட்டு, கிளாம்ப்

அலுமினியத் தகட்டில் இரும்பு லாக்நட்டைப் போட்டு இறுக்கினால், கேபிளைச் சுற்றி மீண்டும் ஒரு முழு இரும்பு வளையம் வந்துவிடுகிறது. தகடு குளிர்ந்திருக்க, நட்டு மட்டும் கை வைக்க முடியாதபடி சுடும். ஆகவே சிங்கிள் கோர் கேபிளுக்கு கிளாண்டின் உடல், லாக்நட், வாஷர், எர்த் டேக் எல்லாமே பித்தளையிலோ அலுமினியத்திலோ இருக்க வேண்டும். வெட்டுப் போட்ட தகட்டில் ஒரு அகலமான இரும்பு வாஷர் வெட்டின் இரு பக்கமும் படியும்படி அமர்ந்துவிட்டால், வெட்டியதன் பயனில் ஒரு பகுதி போய்விடும்.

இதே நியாயம் கேபிளைப் பிடித்து நிறுத்தும் கிளாம்புக்கும் பொருந்தும்: ஒற்றைக் கேபிளைச் சுற்றி மூடிய இரும்புப் பட்டை வேண்டாம். மூன்றையும் முக்கோணமாக அடுக்கி ஒரே கிளாம்பில் பிடித்தால், அது துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும் பாலிமராக இருந்தாலும் சூட்டைப் பற்றிய கவலை இல்லை. சிங்கிள் கோரை மட்டும் இரும்புக் குழாய்க்குள் இழுப்பதும் இதே தவறின் நீண்ட வடிவம்தான்.

ஆர்மர் போட்ட சிங்கிள் கோர் தேவையென்றால் அலுமினியக் கம்பி ஆர்மரே வேண்டும். எஃகுக் கம்பி அல்லது எஃகு நாடா ஆர்மர் கொண்ட சிங்கிள் கோரை மாறுதிசைச் சுற்றில் பயன்படுத்த அதே ஐ.இ.சி. தரநிலை தடை விதிக்கிறது. அலுமினிய ஆர்மரின் இரு முனைகளையும் எர்த்தில் இணைக்கும்போது அதில் சுற்றோட்டம் உருவாகும். அந்த மின்னோட்டம் ஒரு கிளாண்டிலிருந்து அடுத்த கிளாண்டுக்குத் தகட்டின் வழியாகப் போகிறது. கிளாண்டின் அடியில் பெயின்ட் இருந்தால் அந்தத் தொடர்பிடம் தனியாகச் சுடும். இந்தச் சூட்டைக் காந்தச் சூட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கிளாண்டுகளை நல்ல தொடர்போடு ஒன்றாகப் பிணைப்பதே இதற்கு மருந்து. ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தால் சுற்றோட்டம் நிற்கும், ஆனால் மறுமுனையில் ஆர்மரின் மேல் மின்னழுத்தம் நிற்கும். கேபிளின் நீளத்துக்கும் ஃபால்ட் மின்னோட்டத்துக்கும் கணக்குப் போட்டு, காப்பிட்ட கிளாண்ட் வைத்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் பேனலில் எப்படிக் கண்டறிவது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெனரேட்டர் மாற்றுப் பேனலைப் பார்க்க அழைத்தார்கள். ஃபேஸுக்கு இரண்டு கேபிள்கள். பேனலைப் பொருத்திய ஒப்பந்ததாரர் ஒவ்வொரு ஃபேஸின் இரண்டையும் ஒரே நீள்வட்டத் துளையில் சேர்த்து ஏற்றியிருந்தார். சூடு வருகிறது என்ற புகாரின் பேரில் அதற்கு முன் இரண்டு முறை வந்தவர்கள் லக்குகளை இறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நான் வெப்பக் கேமராவை மேலிருந்து கீழாக நகர்த்தியபோது, லக்கின் சூடு இயல்பாக இருந்தது. கேபிளோடு கீழே இறங்க இறங்கச் சூடு கூடியது. துளைகளுக்கு நடுவே உள்ள குறுகிய இரும்புப் பட்டையில் உச்சத்தைத் தொட்டது. நடுப்பட்டையின் இரு ஓரங்களிலும் பெயின்ட் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்தியபோது அது கருகிய பிஸ்கட் போலப் பொடிந்தது. அந்தப் பேனலைக் காப்பாற்றியது ஜெனரேட்டர் அடிக்கடி ஓடாமல் இருந்ததுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

இந்த வெப்பச் சரிவின் திசைதான் நம்பகமான அடையாளம். தளர்ந்த இணைப்பு என்றால் லக்கில் உச்சமும் கேபிளோடு கீழே வரக் குறைவும் தெரியும். காந்தச் சூடு என்றால் தகட்டில், அதுவும் துளைகளுக்கு இடையே, உச்சம் தெரியும். கேமராவைப் பயன்படுத்தும்போது பளபளப்பான பித்தளை, அலுமினியப் பரப்புகள் உண்மையான சூட்டைவிட மிகக் குறைவாகக் காட்டும் என்பதை நினைவில் வைத்து, மின்தடையின்போதே முன்கூட்டி ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி வைத்து, பிறகு சுமையில் அந்த டேப்பை அளப்பது நல்லது.

உறுதிப்படுத்த, ரோகோவ்ஸ்கி காயில் போன்ற, மின்னோட்டம் அளக்கும் வளையும் கிளாம்பை, ஒரு துளை வழியாகப் போகும் எல்லாக் கேபிள்களையும் சேர்த்துச் சுற்றி அளக்க வேண்டும். பேனலுக்கு வெளியே, கேபிளின் வெளியுறை காப்புள்ள இடத்தில் சுற்றுவதே பாதுகாப்பு. சரியான குழு என்றால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். மேலே சொன்ன பேனலில் ஒவ்வொரு துளையிலும் அந்த ஃபேஸின் முழு மின்னோட்டமும் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு விடுமுறை நாளில் மின்சாரத்தை நிறுத்தி, அடித்தகட்டின் நடுப்பகுதி முழுவதையும் ஒரே திறப்பாக அறுத்து எடுத்து, அலுமினியத் தகடு போட்டு, பித்தளை கிளாண்டுகளோடு கேபிள்களைக் குழுவாக மாற்றி ஏற்றினோம்.

மாற்றிய பிறகு சோதனையை உடனே முடித்துவிடக் கூடாது. தகடு நிலையான சூட்டுக்கு வர மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். அதுவரை சுமையைக் கூடியவரை சீராக வைத்து, அறை வெப்பநிலை, ஒவ்வொரு ஃபேஸின் ஆம்பியர், தகட்டின் வெப்பநிலை மூன்றையும் அரை மணிக்கு ஒருமுறை எழுதி வைக்க வேண்டும். ஐ.இ.சி. 61439-1 தொடக்கூடிய உலோக வெளிப்பரப்புக்கு 30 கெல்வின் வெப்ப உயர்வையே எல்லையாக வைத்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண் உதவும். சோதனையின்போது சுமை பாதியளவுதான் இருந்தது என்றால், முழுச் சுமையில் வெப்ப உயர்வு இரண்டு மடங்கையும் தாண்டும் என்று கொண்டு முடிவெடுக்க வேண்டும். முழுச் சுமை வரும் நாளில் மறுபடியும் ஒருமுறை அளந்து, அந்த எண்களைப் பேனலின் கதவுப் பையிலேயே வைத்துவிட்டால் அடுத்து வருபவருக்கு ஒப்பிடுவதற்கு ஓர் அடிப்படை இருக்கும்.